விதைக்குக் காவல் நஞ்சா, உயிரா?

1971ஆம் ஆண்டின் பிற்பகுதி. விளைச்சல் குன்றித் தவித்துக் கொண்டிருந்த ஈராக் நாட்டிற்கு, வெளிநாடுகளிலிருந்து கோதுமை விதையும் வாற்கோதுமை விதையும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. மண்ணில் பூஞ்சணம் பிடித்து விதை அழுகாமலிருக்க, அவற்றின் மீது மெதைல் இரசம் என்ற நஞ்சு பூசப்பட்டிருந்தது. இது உண்ணும் தானியமல்ல என்பதைக் காட்ட விதைக்குச் செந்நிறச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூடைகளில் எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் அது அந்தக் கிராமத்து மக்கள் வாசித்தறியாத அந்நிய மொழிகளில் இருந்தது.

பல கிராமங்களுக்கு விதை வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலமே முடிந்திருந்தது. வீட்டில் பசி. முற்றத்திலோ மூடை மூடையாகக் கோதுமை. சிலர் முதலில் கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில நாட்கள் சென்றும் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் தானியத்தைத் தண்ணீரில் கழுவினார்கள். சாயம் கரைந்து போயிற்று. சாயத்தோடு நஞ்சும் போய்விட்டது என்று நம்பி, மாவாக அரைத்து ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள்.

நஞ்சு போகவில்லை. அது உடனே தன்னைக் காட்டிக் கொள்ளவும் இல்லை. வாரங்கள் கடந்த பின்னரே கைகால் விறைப்பும், நடை தள்ளாட்டமும், பார்வைக் குறைவும் தோன்றின. கருவுற்றிருந்த தாய்மாரின் வயிற்றுப் பிள்ளைகளின் மூளையையும் அந்நஞ்சு தாக்கியது; தாய்ப்பாலிலும் அது கலந்தது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் 6,530 பேர். அங்கே உயிரிழந்தவர்கள் 459 பேர். வீடுகளிலேயே இறந்தவர்கள் இக்கணக்கில் அடங்கவில்லை.

இரசம் பூசிய விதைகள் பின்னர் பெரும்பாலான நாடுகளில் தடை செய்யப்பட்டுவிட்டன. ஆயினும் வேறு பூஞ்சண நாசினிகள் பூசிய, நிறமூட்டிய விதைகள் இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றன. விதை வைக்கும் இடமும் உலை வைக்கும் இடமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நம் வீடுகளில், இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். விதைக்கு ஏன் காவல் தேவைப்படுகிறது? அந்தக் காவல் நஞ்சாகத்தான் இருக்க வேண்டுமா?

விதையின் முதல் இரண்டு வாரங்கள்

விதை என்பது தன் உணவைத் தானே கட்டிச் சுமந்து வரும் பயணி. ஈரம் பட்டதும் அது ஊதிப் பருக்கிறது. உள்ளிருக்கும் மாப்பொருள் சீனியாக மாறத் தொடங்குகிறது. அச்சீனியில் ஒரு பகுதி வெளியே மண்ணிலும் கசிகிறது. அந்த இனிப்பை நாடி முதலில் வருபவை மண்ணில் உறங்கிக் கிடக்கும் நோய்ப் பூஞ்சணங்களே. முளை வெளிவருமுன்னே விதை அழுகிப் போவதும், நேற்று நிமிர்ந்து நின்ற மிளகாய், தக்காளி நாற்று இன்று அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடப்பதும் இவற்றின் வேலைதான். “விதை சரியில்லை” என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். பல வேளைகளில் குற்றவாளி நமது நாற்றுமேடையிலேயே இருக்கிறான்.

பயிரின் சொந்த வேர் பலம் பெறும்வரை இந்த ஆபத்து நீடிக்கிறது. குழந்தைக்கு முதல் மாதங்களில் எடுக்கும் கவனத்தைப் பயிருக்கு முதல் இரண்டு வாரங்களில் எடுத்தால், பிந்திய பாடு பெருமளவு குறையும்.

உயிருள்ள காவலர்கள்

மண்ணில் பகைவர்கள் மட்டும் வாழவில்லை, நண்பர்களும் வாழ்கிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்து, வளர்த்து, பொடியாகவோ திரவமாகவோ விதைமீது பூசி அனுப்புவதையே உயிரியல் விதைப் பரிகரணம் என்கிறார்கள். இவர்களுள் மூவரை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாமவர் ட்ரைக்கோடேர்மா என்ற பச்சை நிறப் பூஞ்சணம். இது மற்றப் பூஞ்சணங்களை வேட்டையாடும் என்பதை 1932ஆம் ஆண்டளவிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். நோய்ப் பூஞ்சணத்தின் நூலிழைகளைச் சுற்றிப் பின்னி, அதன் சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதை உண்டு இது வாழ்கிறது. முளைக்கும் வேரைச் சூழ்ந்து வளர்வதால் பகைவனுக்கு இடமும் உணவும் கிடைப்பதில்லை.

இரண்டாமவர் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா. வேரோரத்தில் உள்ள இரும்புச் சத்தை முந்திக் கொண்டு பிடித்து வைத்துக் கொள்கிறது. இரும்பின்றி நோய்க் கிருமிகள் மெலிகின்றன. கிருமிகளைத் தடுக்கும் பொருட்களையும் இது சுரக்கிறது.

மூன்றாமவர் ரைசோபியம். இவர் காவலர் அல்லர், உணவூட்டுபவர். பயறு, கௌபி, உழுந்து, சோயா, கச்சான் போன்ற அவரையினப் பயிர்களின் வேரில் சிறு முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கிறார். காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசன் இருந்தும் செடியால் அதை நேரே எடுக்க முடியாது. இந்த முடிச்சின் மர்மம் 1880களில் ஜேர்மனியில் துலங்கியது. அதற்கு முன்னரே அனுபவசாலிகளான விவசாயிகள், அவரையினம் நன்றாக விளைந்த வயலின் மண்ணை அள்ளிப் புதிய வயலில் தூவி வந்தார்கள். மண்ணைச் சுமந்த வேலையை இன்று ஒரு சிறு பக்கற்று செய்கிறது.

ஆனால் எல்லா அவரையினத்திற்கும் ஒரே ரைசோபியம் பொருந்தாது. சோயாவுக்குரியது வேறு, பயறு கௌபிக்குரியது வேறு. முதன்முறையாகச் சோயா விதைக்கும் நிலத்தில் அதற்குரிய பற்றீரியா இராது. அங்கேதான் இதன் பலன் கூடுதலாகத் தெரியும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் ரைசோபியம் பூசுவது வீண் வேலை.

வீட்டில் செய்யும் முறை

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. உப்புச் சேர்க்காத கஞ்சியை நன்றாக ஆற விடுங்கள். ஒரு சுத்தமான பாத்திரத்தில் விதையைப் போட்டு, மேற்பரப்பு நனையுமளவுக்கு மட்டும் கஞ்சியைத் தெளித்துப் பிசறுங்கள். விதை கஞ்சியில் மிதக்கக் கூடாது. பின்னர் பொடியைத் தூவி, எல்லா விதையிலும் ஒட்டும்வரை மெல்லக் குலுக்குங்கள். ட்ரைக்கோடேர்மாப் பொடியானால் ஒரு கிலோ விதைக்கு 4 முதல் 10 கிராம் வரை என்பது வழக்கம். 100 கிராம் விதைக்கு ஒரு கிராமே போதும். பக்கற்றில் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பின்பு கடதாசியில் பரப்பி நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே, ஈரமான மண்ணில் விதைத்துவிடுங்கள்.

பலரும் தவறுவது சில இடங்களில்தான். பொடியில் இருப்பவை உயிர்கள் என்பதை மறந்து வெயிலில் காய வைக்கிறோம். அவை செத்துப் போகின்றன. குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரை அப்படியே கலக்கிறோம். அதை ஓர் இரவு திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தால் போதுமே! காலாவதியான பக்கற்றை மலிவாகக் கிடைத்ததென்று வாங்குகிறோம். எல்லாவற்றிற்கும் மேலாக, பூஞ்சண நாசினி பூசிய நிறமூட்டிய விதையின் மீதே இதையும் பூசுகிறோம். காவலனை நஞ்சுக்குள் இறக்கிவிட்டு அவன் காவல் செய்யவில்லை என்று குறைகூறி என்ன பயன்?

பலன் தெரிகிறதா என்று அறியவும் வழி உண்டு. ஒரு பாத்தியில் பாதிக்குப் பூசிய விதையும் பாதிக்குப் பூசாத விதையும் இடுங்கள். முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். அவரையினமானால், பூக்கும் வேளையில் ஒரு செடியை மண்ணோடு மெல்லத் தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. ஈராக்கில் விதையின் வெளியே இருந்த சிவப்பு ஆபத்தின் அடையாளம். வேரின் உள்ளே இருக்கும் இந்தச் சிவப்போ ஆரோக்கியத்தின் அடையாளம்.

எல்லை அறிந்து பயன்படுத்துவோம்

இது மந்திரப் பொடி அல்ல. சொத்தை விதையை இது நல்ல விதையாக்காது. நீர் தேங்கி நிற்கும் பாத்தியையும் இது காப்பாற்றாது. பசளையின் இடத்தை இது முழுமையாக நிரப்பவும் மாட்டாது. 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரிலேயே அத்தடை தளர்த்தப்பட்டதையும், இடையில் விவசாயக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. உயிரியல் முறை ஓரிரவில் ஆணையிட்டு வருவதல்ல. சிறு பாத்தியில் தொடங்கி, கண்டு, பழகி, பின்னர் விரிவுபடுத்த வேண்டியது. எந்தப் பொடி, எங்கே கிடைக்கும் என்பதை உங்கள் பிரதேசத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

சகோதரிகளே, விதைப் பரிகரணம் எதுவாயினும் சில ஒழுங்குகளைக் கைவிடாதீர்கள். பொடி தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அப்பக்கம் வர வேண்டாம். விதைக்கு எடுத்த பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. பூசிய விதை மிஞ்சினால், அது நஞ்சு பூசியதோ உயிரி பூசியதோ, சட்டியிலும் போட வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம். போத்தலிலோ பையிலோ என்ன இருக்கிறதென்று வீட்டிலுள்ள எல்லோரும் வாசிக்கக் கூடிய மொழியில் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நமது உம்மம்மாமார் விதைப் பயற்றைச் சாம்பலில் புரட்டிப் பானையில் கட்டி, அடுக்களைப் பயற்றோடு சேராமல் தனியே தூக்கி வைத்தார்கள். “இது விதைக்கு, தொடாதே” என்ற அவர்களின் ஒரு சொல் வீட்டிலுள்ள அனைவருக்கும் விளங்கியது. ஈராக்கின் அந்தத் தாய்மாருக்கு, அவர்களுடைய மொழியில், அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் எவரும் இருக்கவில்லை.