இழுவண்டிக்கு ஏற்ற பிக்கப்: கடன் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் எங்கள் கிளைக்கு வந்தார். அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி. விடுதிகளின் படிகளும் சாலையோரக் கழிப்பறைகளும் அவர்களுடைய பயணங்களை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. படுக்கையும் கழிப்பறையும் உள்ள கேரவன் இழுவண்டி ஒன்றை வாங்கி, பிக்கப் வண்டியில் பூட்டி, மனைவியை ராமேசுவரம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பிக்கப்புக்கு 10 லட்சம் ரூபாய் கடன் கேட்டார். எஞ்சிய தொகைக்கு ஓய்வுக்கால வைப்புநிதியை முறிக்க எண்ணியிருந்தார்.

“மூன்றரை டன் இழுக்கும் என்று போட்டிருக்கிறார்களே சார், ஒன்றரை டன் கேரவனை இழுக்காதா?” என்று அவர் கேட்டார். இத்தகைய கேள்வி வேறு வாடிக்கையாளர்களுக்கும் எழக்கூடும் என்பதால், அன்று அவருடன் அமர்ந்து போட்ட கணக்கை இங்கே தருகிறோம்.

இழுவைத்திறன் மட்டும் போதாது

ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ், பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் ஆகிய இரண்டும் வலுவான டீசல் பிக்கப்புகளே. முன்னதன் 1.9 லிட்டர் எஞ்சின் 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. பின்னதன் 2.8 லிட்டர் எஞ்சின், கையால் கியர் மாற்றும் வகையில் 420, தானியங்கி வகையில் 500 தருகிறது. இவற்றின் 3,500 கிலோ இழுவைத்திறன் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள வண்டிகளின் கொக்கி, நிறுத்தி, எடை வரம்பு ஆகியவை வேறாக இருக்கலாம். ஆதலால் இந்தியாவில் விற்கப்படும் அதே வகை வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே கொள்ள வேண்டும். கையேடு மௌனமாக இருந்தால், உற்பத்தியாளரிடம் எழுத்து மூலம் பதில் பெறுவது நன்று.

எடைக் கணக்கு

பலரும் தவறுவது சுமைத்திறனில்தான். இழுவண்டி சக்கரங்களின் மேல் உருண்டாலும், அதன் எடையில் ஒரு பகுதி கொக்கியின் வழியாகப் பிக்கப்பின் பின்புறத்தை அழுத்துகிறது. பொதுவாக இது இழுவண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். மிகக் குறைந்தால், வேகத்தில் இழுவண்டி பாம்புபோல் நெளியும். மிகக் கூடினால், பிக்கப்பின் முன்சக்கரங்கள் பிடிமானத்தை இழந்து ஸ்டியரிங் தளரும்.

எடுத்துக்காட்டாக, வெற்று இழுவண்டி 1,200 கிலோ என்று கொள்வோம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ; நிரம்பிய சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ; படுக்கை, பாத்திரம், பேட்டரி, உணவுப்பொருள் 170 கிலோ. ஆக 1,500 கிலோ. கொக்கியின் மேல் 10 விழுக்காடு, அதாவது 150 கிலோ. பிக்கப்பில் நால்வர் 280 கிலோ. பெட்டிகளும் கருவிகளும் 220 கிலோ. எனவே பிக்கப் தாங்க வேண்டியது 650 கிலோ. அதன் சுமைத்திறன் 600 கிலோ எனில், எஞ்சின் எவ்வளவு வலுவானதாயினும் அந்த வண்டி இப்பயணத்துக்கு உகந்ததன்று.

தண்ணீர் நிரப்பாமல் சென்றால் சரியாகுமா? இழுவண்டியில் 100 கிலோ குறையும். கொக்கியின் மேல் ஏறத்தாழ 10 கிலோ மட்டுமே குறையும். பிக்கப்பில் ஏற்றும் பெட்டிகளைக் குறைப்பதே முழுப் பலன் தரும்.

ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கிருந்து சேலம் வழியாகத் தெற்கே செல்வோர் தருமபுரிக்கு அப்பால் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். சுமை வண்டிகள் நிறுத்தி செயலிழந்து விபத்துக்குள்ளாகும் இடமாக அது பெயர்பெற்றது. அங்கே பின்னாலிருந்து தள்ளும் ஒன்றரை டன்னையும் சேர்த்துப் பிக்கப்பின் நிறுத்தியே அடக்க வேண்டுமெனில், அது சூடேறித் தளரும். கீழ் கியரில் இறங்குவது முதல் விதி. இழுவண்டிக்குத் தனி நிறுத்தி இருப்பது அதனினும் முதன்மையானது. பல நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்கு இது கட்டாயம். நாமும் அதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ‘மோட்டார் வாகனம்’ என்னும் சொல்லுக்குள் இழுவண்டியையும் அடக்குகிறது. ஆகவே எஞ்சின் இல்லாவிடினும் அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் தேவை. பட்டறையில் பம்பரோடு பற்றவைத்த கொக்கியால் உற்பத்தியாளரின் உத்தரவாதமும் காப்பீட்டு இழப்பீடும் கேள்விக்குள்ளாகக்கூடும். பதிவுச் சான்றிதழிலுள்ள எடை வரம்பை மீறினால், சட்டத்தின் 194ஆம் பிரிவு 20,000 ரூபாய் தண்டமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இரு வண்டிகளின் பதிவு குறித்தும் கேட்டுத் தெளிக.

கடன் கணக்கு

10 லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டு வட்டி 9 விழுக்காடு என்று கொள்வோம். ஐந்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 20,758 ரூபாய். மொத்த வட்டி 2.45 லட்சம். ஏழாண்டாக நீட்டினால் தவணை 16,089 ஆகக் குறையும், வட்டியோ 3.51 லட்சமாக உயரும். தவணையோடு எரிபொருள், இரு காப்பீடுகள், டயர், இழுவண்டியை நிறுத்தும் இடத்தின் வாடகை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ஜோகுபாளையத்தின் குறுகிய தெருக்களில் கேரவனைத் திருப்புவதே கடினம், நிறுத்துவது இயலாது. ஆண்டில் எத்தனை நாள் பயணம் என்பதால் இந்த மொத்தச் செலவை வகுத்துப் பார்த்தால், வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பது தானே விளங்கும்.

எங்கள் வாடிக்கையாளர் இரு வாரம் கழித்து மனைவியுடன் வந்தார். தனி நிறுத்தியுள்ள, 1,000 கிலோவுக்கு உட்பட்ட சிறிய இழுவண்டியைத் தேர்ந்திருந்தார். “கட்டில் சின்னதா இருந்தாலும் பரவாயில்லை, கழிப்பறை மட்டும் இருக்கணும்னு சொல்லிட்டேன்” என்றார் அந்த அம்மையார். இழுவண்டியின் விலை குறைந்ததால் வைப்புநிதியை முறிக்கும் தேவை எழவில்லை.

வண்டி பார்க்கச் செல்லும்போது பயணச் சுமையின் பட்டியலை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விலையைக் கேட்கும் முன் சுமைத்திறனைக் கேளுங்கள். பிறகு எங்களிடம் வாருங்கள். தவணைக் கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.