தட்டைத்திரைத் தொலைக்காட்சியின் காட்சிக் கோளாறுகள்

தட்டைத்திரைத் தொலைக்காட்சியின் காட்சிக் கோளாறு என்பது, கருவிக்கு மின்சாரம் கிடைத்தும் திரையில் படம் தெரியாமல் போவது, மங்கலாகவோ நிறம் மாறியோ தெரிவது, கோடுகள் விழுவது ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றுள் வீடுகளில் அடிக்கடி நேர்வது, சத்தம் வந்தும் படம் வராத நிலையாகும். இதைக் கண்டதும் பலர் பேனல் போய்விட்டது என்று முடிவு செய்து கருவியையே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகின்றனர். பேனல் எனப்படும் திரைத்தகடு தொலைக்காட்சியின் விலையில் பெரும்பகுதியைக் கொண்ட உறுப்பு. அது கெட்டால் புதிது வாங்கி மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆனால் இருண்டுபோன தொலைக்காட்சிகள் பலவற்றில் பேனல் நல்ல நிலையிலேயே இருக்கும். அதன் பின்னால் எரியவேண்டிய சிறு விளக்குகளில் ஒன்றுதான் அணைந்திருக்கும். எது கெட்டது என்பதை அறிய ஒரு டார்ச் விளக்கே பெரிதும் உதவும்.

இன்று கடைகளில் எல்.இ.டி. டி.வி. என்று விற்கப்படும் கருவியே இங்கு முதன்மையாக விளக்கப்படுகிறது. பெயர் அப்படி இருந்தாலும் அதன் திரை எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரைதான்; எல்.இ.டி. என்பது பின்னால் எரியும் விளக்கை மட்டுமே குறிக்கிறது. விளம்பரத்துக்காக வைக்கப்பட்ட இந்தப் பெயர் கோளாறைப் புரிந்துகொள்வதில் குழப்பத்தையும் உண்டாக்குகிறது.

படம் உருவாகும் விதம்

திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. 1888ஆம் ஆண்டில் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு சேர்மம் உருகும்போது முதலில் கலங்கிய நீர்மமாகவும், மேலும் சூடேற்றினால் தெளிந்த நீர்மமாகவும் மாறுவதைக் கண்டார். அந்தக் கலங்கிய நிலையே பின்னாளில் திரவப் படிகம் எனப் பெயர் பெற்றது. மின்னழுத்தத்தால் அதைக் கட்டுப்படுத்திப் படம் காட்ட முடியும் என்பதை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968இல் பொதுவெளியில் காட்டியது.

பேனலில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே திரவப் படிகம் அடைக்கப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் தளவிளைவுத் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். இத்தாள் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே உள்ளே விடும். இரு தாள்களும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கப்படுவதால், இடையில் எதுவும் நடக்காவிட்டால் ஒளி வெளியே வராது. திரவப் படிகம் தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்திற்கு ஏற்ப ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடுகிறது. திரும்பிய அளவுக்கு ஒளி வெளிவருகிறது. ஆகவே பேனல் என்பது மிக நுண்ணிய சன்னல் கதவுகளின் கூட்டம் எனலாம். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட முழு எச்.டி. திரையில், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வீதம் 62,20,800 கதவுகள் உள்ளன.

கதவைத் திறந்தாலும் வெளியே வெளிச்சம் இல்லையென்றால் அறை இருட்டாகத்தானே இருக்கும்? திரை இருளும்போதும் இதுவே நடக்கிறது. படத்திற்கு ஒரு வழி, ஒளிக்கு இன்னொரு வழி என இரண்டு பாதைகள் கருவிக்குள் உள்ளன. படத்தின் பாதை மெயின் போர்டில் தொடங்கி, ஒரு பட்டை ஒயர் வழியாக டீ-கான் போர்டை அடைந்து, அங்கிருந்து பேனலின் விளிம்பில் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய படலச் சில்லுகளின் வழியே கண்ணாடிக்குள் செல்கிறது. ஒளியின் பாதை பவர் போர்டில் தொடங்கி, விளக்குகளை இயக்கும் டிரைவர் சுற்று வழியாக பேக்லைட் எனப்படும் பின்னொளிக்குச் செல்கிறது. விலை குறைந்த சிறிய கருவிகளில் இந்தப் போர்டுகள் அனைத்தும் ஒரே போர்டாக இருப்பதும் உண்டு. ஒலி மெயின் போர்டிலிருந்தே வருவதால், பின்னொளி அணைந்தாலும் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

டார்ச் சோதனை

அறை விளக்குகளை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியை ஓடவிட்டு, டார்ச் ஒளியைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். உருவங்கள் மங்கலாக அசைவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் டீ-கானும் வேலை செய்கின்றன; கோளாறு பின்னொளியில் அல்லது அதற்கு மின்சாரம் தரும் சுற்றில் உள்ளது. ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்திவிட்டுப் பார்ப்பது நல்லது. வெள்ளை எழுத்துகள் கண்ணுக்கு எளிதில் படும். டார்ச் ஒளியிலும் ஒன்றுமே தெரியாவிட்டால் படத்தின் பாதையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

மெனு இன்னொரு வகையிலும் பயன்படும். படம் சிதறியோ நின்று நின்றோ வந்து, மெனு மட்டும் தெளிவாக இருந்தால் தொலைக்காட்சியில் குறையில்லை. செட்டாப் பெட்டி, அதன் ஒயர், சிக்னல் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். மெனுவின் மேலும் அதே கோடு விழுந்தால் கோளாறு கருவிக்குள்தான். இந்தச் சோதனைகளுக்குத் திருகாணி ஒன்றைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. பழுதுபார்ப்பவரை அழைக்கும் முன் செய்துகொண்டால் அவர் சொல்லும் காரணம் பொருந்துகிறதா என்பதும் விளங்கும்.

பின்னொளிக் கோளாறு

எல்.இ.டி.க்கள் நீண்ட அலுமினியப் பட்டைகளில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். 32 அங்குலத் தொலைக்காட்சியில் இத்தகைய பட்டைகள் இரண்டோ மூன்றோ இருப்பது வழக்கம். பட்டைகள் பெரும்பாலும் தொடர் இணைப்பில் உள்ளன. கோவில் திருவிழாவில் தொங்கவிடும் சீரியல் பல்பில் ஒன்று பழுதானால் அந்தச் சரமே அணைவதைப் போல, ஒரு எல்.இ.டி. அறுந்தால் அந்த வரிசை முழுதும் அணைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ட் தேவைப்படும் 18 எல்.இ.டி.க்கள் தொடராக இருந்தால் டிரைவர் சுற்று 54 வோல்ட் தரவேண்டும். சரம் அறுந்தால் மின்னோட்டம் ஓடாது. டிரைவர் மின்னழுத்தத்தை உயர்த்திப் பார்க்கும். பிறகு தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திவிடும். திரை ஓரிரு நொடி ஒளிர்ந்து அணைவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

எல்.இ.டி. கெடுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பம். கடையில் மற்றக் கருவிகளைவிடப் பளிச்சென்று தெரிவதற்காகப் பல தொலைக்காட்சிகள் பின்னொளி உச்ச அளவில் இருக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் அதை மாற்றுவதில்லை. அமைப்புகளில் பேக்லைட் என்று தனியாக உள்ள அளவைக் குறைத்தால் விளக்குகளில் ஓடும் மின்னோட்டம் குறைந்து ஆயுள் கூடும். பிரைட்னஸ் என்ற அளவு பெரும்பாலான கருவிகளில் படத்தின் கருமையை மட்டுமே மாற்றுகிறது. அதைக் குறைப்பதால் விளக்குக்கு நன்மை இல்லை. சில கருவிகளில் இப்பெயர்கள் மாறியும் இருக்கும்.

திரையில் ஆங்காங்கே வட்டமான வெண்பொட்டுகள் தோன்றுவதும் பின்னொளிக் கோளாறே. ஒளியைப் பரப்புவதற்காக ஒவ்வொரு எல்.இ.டி.யின் மேலும் ஒட்டப்பட்டுள்ள சிறு லென்ஸ், வெப்பத்தால் பசை விட்டு விழுந்துவிடுவதே காரணம். படம் முழுவதும் நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால், எல்.இ.டி.யின் மேல் உள்ள மஞ்சள் ஒளிர்பூச்சு நைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பழுதுநீக்கம் கருத்தளவில் எளியது, கையளவில் கடினமானது. பின்மூடியையும் ஒயர் இணைப்புகளையும் கழற்றி, விளிம்புச் சட்டத்தை நீக்கி, பேனல் கண்ணாடியைத் தூக்கி வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பல நல்ல பேனல்கள் பாழாகின்றன. கண்ணாடி சற்றே வளைந்தாலும் கீறல் விடும். விளிம்பில் தொங்கும் படலச் சில்லு கிழிந்தால் அதோடு கதை முடிந்தது. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. கண்ணாடிக்குக் கீழே ஒளியைப் பரப்பும் தாள்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் வரிசையும் திசையும் மாறக் கூடாது. விரல் ரேகை பட்டால் படத்தில் கறையாகத் தெரியும். அதனால் பருத்திக் கையுறை அணிந்து, வரிசையைப் படம் எடுத்துவைத்துக்கொண்டே பிரிப்பார்கள்.

அணைந்த எல்.இ.டி.யைக் கண்டுபிடிக்க, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் தரும் எல்.இ.டி. டெஸ்டர் ஏற்றது. சாதாரண மல்டிமீட்டர் 3 வோல்ட் எல்.இ.டி.யை மினுக்கென்று ஒளிரச் செய்யலாம். 6 வோல்ட் வகையை ஒளிரச் செய்யாது. அதைக்கொண்டு எல்.இ.டி. கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது தவறாகும்.

கெட்ட எல்.இ.டி.யின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்துவிட்டு மற்றவற்றை எரியவிடும் வழக்கமும் உண்டு. செலவு குறைவு, ஆனால் அந்த இடம் இருண்டு தெரியும். மற்ற எல்.இ.டி.க்களும் அதே அளவு உழைத்துத் தேய்ந்தவையாதலால் சில மாதங்களில் அடுத்தது போகக்கூடும். ஒவ்வொரு முறையும் பேனலைத் தூக்கும் ஆபத்தை எண்ணினால், எல்லாப் பட்டைகளையும் ஒரே முறையில் மாற்றுவதே சரி. பட்டைகளின் நீளம், எல்.இ.டி. எண்ணிக்கை, வோல்ட் அளவு ஆகிய மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். இத்தகைய உதிரிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் கிடைக்கின்றன. வாங்கப்போகும்போது பழைய பட்டையில் அச்சிட்டுள்ள எண்ணைக் கொண்டுசெல்வது அலைச்சலைக் குறைக்கும். மாற்றிய பின் பின்மூடியைப் பூட்டும் முன்பே சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதும் வேண்டும்.

பவர் போர்டும் அதன் ஆபத்தும்

சிவப்புச் சிறுவிளக்குகூட எரியாவிட்டால் பவர் போர்டை ஐயுறலாம். தலை உப்பிய கெப்பாசிட்டர் கண்ணாலேயே தெரியும். அதன் விலை மிகச் சொற்பம். தமிழ்நாட்டில் பல்லி உள்ளே புகுந்து போர்டில் குறுக்கிணைப்பு உண்டாக்குவதும், கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இணைப்புகள் பாசி பிடிப்பதும் காணக்கூடியவை.

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்ததால் அதைத் தொட எல்லோரும் அஞ்சினர். தட்டைத்திரையில் அது இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்ற எண்ணம் உள்ளது. அது உயிருக்கு உலை வைக்கும் எண்ணம். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேராக்கப்படும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பெரிய கருவிகளில் அது 400 வோல்ட்வரை உயர்த்தப்படுகிறது. பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்த மின்னூட்டத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும்; சுற்று கெட்டிருந்தால் நீண்ட நேரமும் வைத்திருக்கும். திருப்புளியால் முனைகளைத் தொட்டு இறக்குவது தீப்பொறியையும் காயத்தையும் உண்டாக்கும். பயிற்சி பெற்றவர் தகுந்த மின்தடையைக்கொண்டு இறக்கி, மீட்டரால் அளந்து உறுதி செய்த பின்பே கை வைப்பார். மாணவர்கள் ஆர்வத்தால் பின்மூடியைத் திறப்பது எக்காரணத்தாலும் கூடாது.

கோடுகளும் பாதித் திரையும்

செங்குத்துக் கோடு, கிடைக்கோடு, பாதித் திரை வெளுத்தல் ஆகியவை படத்தின் பாதையைச் சேர்ந்தவை. பாதித் திரை மட்டும் போனால் டீ-கானிலிருந்து செல்லும் பட்டை ஒயர் தளர்ந்திருக்கலாம்; கழற்றித் துடைத்துச் செருகினாலே சரியாவதும் உண்டு. ஒற்றைச் செங்குத்துக் கோடு பெரும்பாலும் படலச் சில்லு கண்ணாடியோடு ஒட்டிய இடத்தில் விட்டுப்போவதால் வருகிறது. விளிம்பை மெல்லத் தொடும்போது கோடு வந்து வந்து போனால் இதுவே காரணம். இதை ஈயம் வைத்துப் பற்றவைக்க முடியாது. வெப்பமும் அழுத்தமும் தரும் பாண்டிங் எந்திரம் வேண்டும். அப்படி ஒட்டியதும் எப்போதும் நிலைப்பதில்லை. கண்ணாடி உடைந்து மை சிந்தியதுபோல் பரவியிருந்தால் பழுதுநீக்க வழியில்லை.

இவ்வகைக் கோளாறுகளில் ஒரு பகுதி துடைப்பதால் வருகிறது. ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது திரையின் மேல் நேரடியாக நீரையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ தெளித்தால், அது வழிந்து கீழ் விளிம்பில் இறங்குகிறது. பல கருவிகளில் படலச் சில்லுகள் அங்கேதான் உள்ளன. மென்துணியை இலேசாக நனைத்துப் பிழிந்து, கருவி அணைந்திருக்கும்போது துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கோடு கேபிள் அல்லது டிஷ் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு ஒயரை மறந்ததால் மெயின் போர்டு கருகுவதுண்டு.

பிற வகைத் திரைகள்

ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளி இல்லை. டார்ச் சோதனையும் அதற்குப் பொருந்தாது. ஒரே சின்னம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் பதிந்துவிடுவது அதன் குறை. பிளாஸ்மா தொலைக்காட்சிகளைப் பெரிய நிறுவனங்கள் 2014ஆம் ஆண்டளவில் கைவிட்டுவிட்டதால் அவற்றுக்கு உதிரி கிடைப்பது அரிது.

சட்டமும் கழிவும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல், தொலைக்காட்சியின் உள் மின்வழங்கி, பெரிய கெப்பாசிட்டர் போன்ற உதிரிகளைக் குறைந்தது 7 ஆண்டுகள் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பயன்முடிந்த கருவிகளை முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களைச் சேர்ந்தது. எல்.இ.டி. வருவதற்கு முந்தைய எல்.சி.டி. தொலைக்காட்சிகளின் பின்னொளி, பாதரசம் அடங்கிய மெல்லிய குழல் விளக்குகளால் ஆனது. அவற்றை வீட்டில் பிரித்து உடைக்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் முழுக் கருவியாகவே ஒப்படைக்க வேண்டும்.