இழையை இணைப்பது எது?

சென்ற ஆண்டு என் அறைக்குப் பஞ்சாபைச் சேர்ந்த நண்பர் ஒருவர் குடிவந்தார். அவருக்குச் சீலியாக் நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்டால், அவர் உடலின் காப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கும். வாழ்நாள் முழுதும் அத்தானியங்களை விலக்குவதொன்றே வழி. “கவலை வேண்டா, நாங்கள் அரிசி உண்ணும் கூட்டம்” என்று பெருமையாகக் கூறி, முதல் ஞாயிறன்று எலுமிச்சைச் சேவை செய்து படைத்தேன். அன்றிரவே அவர் வயிற்றுவலியால் துடித்தார். குற்றம் சேவையில் இல்லை. எங்கே என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்நோய்க்குக் காரணம் கோதுமையே என்று நிறுவியவர் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். முன்பே அவருக்கு ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து ரொட்டியின்றிப் பட்டினி கிடந்தது. பஞ்சம் நீங்கி ரொட்டி வந்ததும் நோயுற்ற குழந்தைகளின் நிலை மீண்டும் சீர்கெட்டது. அவர் 1950-இல் தம் முடிவுகளை ஆய்வேடாக வெளியிட்டார். நம் நாட்டில் இந்நோய் வடக்கில் மிகுதி, தெற்கில் மிகக் குறைவு. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் தெற்கத்தியரிடமும் ஏறக்குறைய அதே அளவில் உள்ளன என்றும், உண்ணும் கோதுமையின் அளவில்தான் பெரும் வேறுபாடு என்றும் 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. விடுதியில் நாள்தோறும் சப்பாத்தி உண்ணும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கோதுமை மாவைப் பிசைந்தால் குளூட்டன் வலைபோல் பின்னி மாவை இழுபடச் செய்கிறது. அரிசியில் அவ்வலை இல்லை. பின், இடியாப்ப இழை ஏன் உதிர்வதில்லை? கொதிநீர் ஊற்றிக் கிளறும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகின்றன. ஆறும்போது அமைலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி இறுகுகின்றன. எங்கள் கொங்கு நாட்டில் ஊறவைத்த புழுங்கலரிசியை அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் சந்தகையாகப் பிழிவதன் சூட்சுமமும் இதுவே. பாசிப்பயற்றின் மாவுச்சத்தில் அமைலோஸ் மிகுதி. அதனால்தான் சீனரின் கண்ணாடி நூடுல்ஸ் கொதிக்கும் சாற்றிலும் குழைவதில்லை.

ஆகவே, கடையில் வாங்குவோர் பெயரை நம்பலாகாது. இங்கே பெங்களூரில் ‘சாவிகே’ என்றால் அரிசிச் சேவையும் ஆகலாம், கோதுமைச் சேமியாவும் ஆகலாம். கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் கேழ்வரகுச் சேமியாப் பொட்டலங்கள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஜப்பானியரின் சோபா ‘பக்வீட்’ மாவால் ஆனது. அது கோதுமை இனமன்று; வடக்கே ‘குட்டு’ என்று நோன்புக்கு உண்பதுதான். ஆயினும் சோபாவில் எட்டுப் பங்குக்கு இரண்டு பங்கு கோதுமை சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். ராமென், உடோன், நம் கடைத்தெரு ஹக்கா நூடுல்ஸ் எல்லாம் கோதுமையே. வியட்நாமியரின் ஃபோவுக்கு உரிய பட்டை இழை அரிசி. எதுவாயினும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி.

வீட்டில் பிழிந்தாலும் ஒரு கண்ணி உண்டு. கோதுமை அரைத்த மில்லிலேயே அரிசியையும் அரைத்தால், முன்னதன் மாவு பின்னதில் வந்து சேரும். நாங்கள் அரிசியை ஊறவைத்து அறையிலேயே அரைத்துக்கொள்கிறோம். சல்லடையும் தனி.

இனி அந்த ஞாயிறு. அரிசி, எலுமிச்சை, கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் புலப்படவில்லை. இறுதியில் நண்பர்தாம் பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பினார். சேர்மானங்களுள் மைதா! பெருங்காயப் பிசினின் காரத்தைத் தணிக்க மாவு கலப்பது வழக்கம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தாளிதத்தில் தாராளமாகவே போட்டிருந்தேன். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு என்பதைப் பிறகு கண்டோம்.

இப்போது மைதாவுக்குப் பதில் அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் வாங்குகிறோம். அது கிடைக்காத வாரம் இஞ்சி சற்றுக் கூடும். சேவை நாழியை அழுத்துவது நண்பர் பொறுப்பு.