நியாயக் குத்தகை

காவிரியும் அதன் கிளைகளாகிய வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி முதலியனவும் பாய்ந்து வளஞ்செய்யும் தஞ்சை நாடு நெல்விளைவிற்குப் பெயர்பெற்றது. ஆயினும், வயலில் நெல் விளைந்துவிட்டால் மட்டும் உழவன் இல்லத்தில் வறுமை நீங்கிவிடுவதில்லை. விளைந்த நெல் களத்தில் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அவனுடைய வாழ்வு அமையும். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அக்கணக்கை உழவன் அஞ்சாமல் பார்ப்பதற்கு வழிசெய்த சட்டங்களைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பிறர் நிலத்தை உழுவோர் இருவகையினர். கண்டுமுதலில், அஃதாவது களத்தில் அளந்து கண்ட மொத்த விளைவில், இத்தனை பங்கு என்று பிரித்துக்கொள்வது வாரம் எனப்படும். நிலத்துக்கு உரியவர் பெறும் பங்கு மேல்வாரம்; உழுகுடி பெறும் பங்கு குடிவாரம். விளைவு மிகினும் குறையினும் இத்தனை கலம் நெல் அளப்பது என்று முன்னரே உறுதிசெய்து கொள்வது குத்தகை. வாரத்தில் வெள்ளமும் வறட்சியும் இருவரையும் தாக்கும். குத்தகையிலோ இழப்பெல்லாம் உழுதவன் தலைமேல் விழும்.

முற்காலத்தில் இவ்வேற்பாடுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தன. எழுத்தும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. நிலவுடைமையாளர் குத்தகையை உயர்த்தினால், உழுகுடி அதனை ஏற்றல் வேண்டும். அல்லது நிலத்தை விட்டு நீங்கல் வேண்டும். ஒருவன் நீங்கினால், அதே நிலத்தை மிகுந்த குத்தகைக்கு ஏற்பதற்கு வேறொருவன் காத்திருப்பான். ஆகவே, உயர்வு முறையானதா என்று கேட்கும் துணிவே உழுகுடிக்கு உண்டாகவில்லை. விளைவில் பெரும்பங்கு மேல்வாரமாகச் சென்றுவிட, எஞ்சிய நெல்லிலே விதை, எரு, உழவுமாடு, ஆட்கூலி ஆகிய செலவுகளையெல்லாம் அவன் தாங்கவேண்டியிருந்தது. இதனால் நிலவுடைமையாளர்க்கும் உழுவோர்க்கும் இடையே பூசல்கள் மூண்டன.

இந்நிலையை மாற்ற, இராஜாஜி முதலமைச்சராய் இருந்தபோது, 1952-ஆம் ஆண்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரு சிற்றூரில் ஒரு வேலிக்கு மேற்பட்ட நிலம் உடையவர்களுக்கு அது பொருந்தியது. வேலி என்பது 20 மா, 6⅔ ஏக்கர். மொத்த விளைவில் ஐந்தில் இரண்டு பங்கிற்குக் குறையாமல் உழுகுடிக்குக் கிடைக்கவேண்டும் என்று அச்சட்டம் கூறியது. மாறுபாடுகளைக் கேட்டுத் தீர்க்கச் சமரச அலுவலர்கள் அமர்த்தப்பெற்றனர். அவர்கள் முடிவு பொருந்தாவிடின், வருவாய் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அன்று ஒன்றாயிருந்த தஞ்சை மாவட்டம் இந்நாளில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எனப் பல மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது.

அடுத்து, 1955-ஆம் ஆண்டில், மாநிலம் முழுவதற்கும் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. குத்தகையைச் செலுத்தாமை, நிலத்திற்குக் கேடு செய்தல், பயிரிடாது விட்டுவிடுதல் முதலிய காரணங்கள் இருந்தாலன்றி உழுகுடியை வெளியேற்றுதல் கூடாது என்பது இதன் கருத்து. ஒரு சூழ்ச்சியை இச்சட்டம் முன்னறிந்து தடுத்தது. குத்தகை நெல்லைக் கொண்டுசென்றால், அதனை வாங்க மறுத்துவிட்டுப் பின்னர், ‘நிலுவை நின்றது’ என்று வழக்கிடுவாரும் உண்டு அன்றோ? அத்தகைய இடர் நேர்ந்தால் குத்தகைதாரர் தாம் தரவேண்டிய குத்தகையை, அல்லது நெல்லின் சந்தை விலையை, வருவாய் நீதிமன்றத்திலேயே கட்டிவிடலாம்.

குத்தகையின் அளவை வரையறுத்தது 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டமாகும். இயல்பான பருவத்தில் விளையக்கூடிய மொத்த விளைவை அடிப்படையாகக் கொண்டு, நன்செய்க்கு நூற்றுக்கு 40 பங்கும், பாய்ச்சலோடு இறைத்தும் நீர் சேர்க்கவேண்டிய நன்செய்க்கு 35 பங்கும், ஏனைய நிலங்களுக்கு மூன்றில் ஒரு பங்குமே நியாயக் குத்தகை என்று அது விதித்தது. முந்திய சட்டத்தில் உழுகுடியின் பங்கிற்குக் கீழெல்லையாய் நின்ற ஐந்தில் இரண்டு, நான்கே ஆண்டுகளில், நன்செய் உடையவரின் பங்கிற்கு மேலெல்லை ஆயிற்று! பின்னர் 1980-ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பெற்ற திருத்தத்தால் உடையவர் பங்கு நூற்றுக்கு 25 ஆகக் குறைந்தது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவர் மூன்று மா, அஃதாவது ஓர் ஏக்கர் நன்செய் பயிரிடுகிறார் எனவும், இயல்பான ஆண்டில் 20 மூட்டை நெல் விளையும் எனவும் கொள்வோம். உடையவர் 12 மூட்டை கேட்கிறார். அதனைத் தந்தால் உழுகுடிக்கு எஞ்சுவது 8 மூட்டை. செலவு போக மிஞ்சுவது சிறிதே. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி உடையவர்க்கு 8, உழுகுடிக்கு 12. திருத்தத்திற்குப் பின் உடையவர்க்கு 5, உழுகுடிக்கு 15.

மாறுபாடு எழுந்தால், இருவருள் எவரேனும் குத்தகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வருவாய்த் துறை அலுவலர் இருதரப்பையும் கேட்டு, இயல்பான விளைவு இவ்வளவு என்று கண்டு, நியாயக் குத்தகையை அறுதியிடுவார். அதன்மேல் முறையீட்டுக்குத் தீர்ப்பாயமும் உண்டு. உடன்படிக்கையில் மிகுதியாக எழுதியிருப்பினும், நியாயக் குத்தகைக்கு மேற்பட்டதைப் பெறுதற்கு உடையவர்க்கு உரிமை இல்லை. அதே வேளையில், உரிய பங்கைத் தராது காலம் கடத்தும் உழுகுடியையும் சட்டம் காப்பதில்லை. சிறுநிலம் உடைய முதியோரும், குத்தகை நெல்லால் விளக்கெரியும் திருக்கோயில்களும் இந்நாட்டில் உண்டு என்பதை மறத்தலாகாது.

எனினும், ‘இவன் என் குத்தகைதாரனே அல்லன்’ என்று உடையவர் மறுத்துவிட்டால் என் செய்வது? இவ்விடரைக் களைவதற்கே 1969-ஆம் ஆண்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பை, எவருக்குரிய நிலத்தை, எவர் பயிரிடுகிறார் என்பன இதனால் பதிவேட்டில் ஏறின. பெயர் ஏறிய உழுகுடிக்கு அப்பதிவே சான்றாயிற்று.

அயர்லாந்து நாட்டிலும் இத்தகைய பூசல்கள் மூண்டன. அங்கே 1881-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நியாயக் குத்தகையையும் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையையும் ஒருங்கே வழங்கியது. குத்தகையைக் குறைத்துவிட்டு வெளியேற்றத்தைத் தடுக்காவிடின், குறைத்ததால் பயன் என்ன? வழக்கிடச் சென்ற மறுநாளே உழுகுடி நிலத்தை இழப்பான். நம் நாட்டிலும் முதலில் நிலைபேறு, பின்னர் நியாயக் குத்தகை, அதன்பின் பதிவு என இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

நகரங்களில் வீட்டு வாடகைக்கும் இம்முறையே பொருந்தும். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2019-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும் என்கிறது. வாடகை உயர்வு பற்றி மாறுபாடு எழுந்தால், அவ்வதிகாரியை அணுகலாம்.

சட்டம் நூலில் இருந்தால் மட்டும் போதாது. தம் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்தல், அளந்த நெல்லுக்குப் பற்றுச்சீட்டுப் பெறுதல், மாறுபாடு தோன்றும்போது கைகலவாது உரிய அலுவலரிடம் முறையிடுதல் ஆகியவை உழுவோரின் கடமைகள். எழுத்தறிந்த நீங்கள் உங்கள் ஊர்ப் பெரியோர்க்கு அப்பதிவேட்டைப் படித்துக் காட்டலாம். மனு எழுதியும் உதவலாம். நீங்கள் கற்கும் கல்வியால் ஓர் உழவர் இல்லத்துக் குதிரில் சில மூட்டை நெல் மிகுதியாகச் சேருமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு யாது?