தோட்டாவுக்குப் பொட்டு வைக்கும் கருவி
அமெரிக்க வீடுகளில் ஒரு விபரீதப் பொழுதுபோக்கு!

தீபாவளிக்குப் பையன்களுக்குப் பொம்மைத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அதில் போடும் சிவகாசிப் பொட்டு வெடியும் உங்களுக்குத் தெரியும். துப்பாக்கி கூட வேண்டாம். ஒரு பொட்டைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டினாலே "பட்" என்று வெடிக்கும். அதற்கு நெருப்பு தேவை இல்லை. அடி பட்டால் போதும்.

நிஜத் துப்பாக்கித் தோட்டாவின் அடியிலும் இதே போல ஒரு பொட்டு இருக்கிறது. சட்டைப் பித்தானை விடச் சிறிய உலோகக் கிண்ணம் அது. அதற்குப் "பிரைமர்" என்று பெயர். விசையை இழுத்ததும் துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி பிரைமரைக் குத்துகிறது. அது தீப்பொறியைக் கக்குகிறது. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து பற்றிக் கொள்கிறது. குண்டு பாய்கிறது.

இந்தப் பொட்டை வீட்டில் உட்கார்ந்து, தங்கள் கையாலேயே தோட்டாவில் பதிப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளமாக இருக்கிறார்கள்! அங்கே இது சட்டம் அனுமதித்த பொழுதுபோக்கு. பொட்டுப் பதிக்க எந்தக் கருவி நல்லது என்பது அவர்களுக்குள் ஓயாத வாதம்.

எல்லாம் சிக்கனம்தான்!

கடையில் தோட்டா கிடைக்கும்போது வீட்டில் எதற்குச் செய்ய வேண்டும்?

முதல் காரணம் சிக்கனம். ஒரு தோட்டாவில் 4 பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு. சுட்ட பிறகு மற்ற மூன்றும் தீர்ந்து விடும். கூடு மட்டும் மிஞ்சும். நான்கில் விலை அதிகமானது பெரும்பாலும் அந்தக் கூடுதான். அதைக் குப்பையில் எறிய மனம் வருமா? நாம் காலி கியாஸ் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பி வாங்குவது போல, அவர்கள் காலிக் கூட்டை எடுத்துத் திரும்ப நிரப்புகிறார்கள். ஒரே கூட்டைப் பல தடவை பயன்படுத்தலாம்.

இரண்டாவது காரணம் குறி. தன் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்த தோட்டா, குறி பிசகாமல் பாயும் என்பது போட்டிக்காரர்களின் அனுபவம்.

பாதிரியார் செய்த வேலை

அடித்தால் வெடிக்கும் பொருளைத் துப்பாக்கிக்குக் கொண்டு வந்தவர் ஒரு பாதிரியார்! ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சித் என்பவர். அவருக்கு வேட்டையில் ஆசை. அந்தக் காலத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் உரசித் தீ பிடிக்கும். குண்டு புறப்படுவதற்குள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பறவைகள் பறந்து விடும். அதற்கு மாற்றுத் தேடிய பாதிரியார், 1807-ம் ஆண்டில் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

பிறகு 1866-ம் ஆண்டில் இரண்டு வகைப் பிரைமர்கள் பிறந்தன. ஒன்று இங்கிலாந்து ராணுவ அதிகாரி பாக்ஸர் செய்தது. மற்றொன்று அமெரிக்கர் பெர்டான் செய்தது. வேடிக்கை என்ன தெரியுமா? இங்கிலாந்துக்காரர் செய்தது அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் செய்தது ஐரோப்பாவில் பரவியது!

பாக்ஸர் வகைக் கூட்டின் அடியில், நடுவில் ஒரே ஓட்டை. மேலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் கழன்று விழும். பெர்டான் வகையில் ஓட்டைகள் நடுவில் இல்லை. கம்பி விட்டுத் தள்ள முடியாது. வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்ற இந்த ஒற்றை ஓட்டையும் ஒரு காரணம்.

நான்கு வகைக் கருவிகள்

பிரைமர் பதிக்கும் கருவிகளில் நான்கு வகை உண்டு.

முதலாவது சுத்தியல் வகை. 1958-ம் ஆண்டு முதல் "லீ" என்ற பெயரில் ஒரு சிறிய பெட்டி விற்பனைக்கு வந்தது. தோட்டா நிரப்பத் தேவையான சாமான்கள் அதற்குள் அடக்கம். விலையோ மலிவு. ஆனால் பிரைமரைத் தட்டித்தான் உள்ளே இறக்க வேண்டும். அடித்தால் வெடிக்கும் பொருளை அடித்தே பதிப்பது! பழகிய கையிலும் எப்போதாவது ஒன்று "பட்" என்று வெடித்துத் திடுக்கிட வைக்கும்.

இரண்டாவது கைப்பிடி வகை. பாக்கு வெட்டியைப் பிடிப்பது போலக் கையில் பிடித்து அமுக்க வேண்டும். மேலே ஒரு சிறு தட்டு. அதில் பிரைமர்களைக் கொட்டி மெல்லக் குலுக்கினால் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிக் கொள்ளும். ஒவ்வொன்றாக இறங்கி வரும். நாற்காலியில் சாய்ந்து கொண்டே வேலை பார்க்கலாம்.

மூன்றாவது மேஜை வகை. மேஜையில் போல்ட் போட்டு இறுக்கிய சிறிய கருவி. நீண்ட லீவர் இருப்பதால் நூற்றுக்கணக்கில் பதித்தாலும் கை நோகாது. கீல்வாதக்காரர்களுக்கு இதுதான் தோது.

நான்காவது, தோட்டா நிரப்பும் பிரஸ்ஸிலேயே சேர்ந்து வரும் வகை. தனிக் கருவி வாங்கும் செலவு மிச்சம். பெரிய பிரஸ்ஸில் ஒவ்வொரு தடவை லீவரை இழுக்கும்போதும் பல வேலைகள் ஒன்றாக நடக்கும். அதில் பிரைமர் பதிப்பதும் ஒன்று. வேகம் அதிகம்.

விரலுக்குத் தெரியும் ரகசியம்

அப்படியானால் வேகமான பிரஸ்தானே சிறந்தது? இல்லை என்கிறார்கள் அனுபவசாலிகள்.

பிரைமர் உட்காரும் குழியின் அகலம் சிறிய வகையில் சுமார் 4.4 மில்லி மீட்டர். பெரிய வகையில் 5.3 மில்லி மீட்டர். பிரைமர் அதில் இறங்கி, அடியைத் தொட்டு நிற்க வேண்டும். கூட்டின் விளிம்பை விட மயிரிழை உள்ளே இருக்க வேண்டும்.

மேலே துருத்திக் கொண்டிருந்தால் ஆபத்து. ஊசி முதலில் குத்தும்போது பிரைமர் உள்ளே நகரும், வெடிக்காது. இது சின்னத் தொல்லை. சில தானியங்கித் துப்பாக்கிகளில், தோட்டா உள்ளே போய் முழுவதும் பூட்டிக் கொள்ளும் முன்பே அது வெடித்து விடலாம். அது பெரிய தொல்லை. முகத்துக்கு அருகில் நடக்கும் விபத்து!

இன்னொரு விஷயம். பல தடவை சுட்ட கூட்டில் பிரைமர் குழி தளர்ந்து விடும். அப்படிப்பட்ட கூட்டை ஒதுக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. அமுக்கும்போது பிரைமர் இறுக்கம் இல்லாமல் "சளக்" என்று இறங்கினால், விரல் சொல்லி விடும்: "இந்தக் கூடு ஆயுள் முடிந்தது!"

கைப்பிடிக் கருவியில் இந்த உணர்வு நன்றாகத் தெரியும். நீண்ட லீவர் உள்ள பெரிய பிரஸ்ஸில் குறைவாகத் தெரியும். பலம் கூடக் கூட, விரலின் புத்தி குறைகிறது. லேத்திலும் பிரஸ்ஸிலும் வேலை பார்க்கும் நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நட்டு இறுகியதா, மரை வழுக்கியதா என்பதை அவர்கள் கை சொல்லும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே கருவி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. பதிக்கும்போது பிரைமர் வெடித்தால் என்ன ஆகும் என்பதுதான்.

ஒன்று வெடித்தால் பக்கத்தில் குவிந்திருக்கும் மற்றவையும் சேர்ந்து வெடிக்கலாம். தட்டில் 100 பிரைமர் இருந்தால்? அதனால் சில கருவிகளில், பதிக்கப்படும் ஒன்றுக்கும் தட்டில் இருக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். குழாயில் அடுக்கி வைக்கும் கருவி என்றால், குழாயைச் சுற்றி உருக்கு உறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, பதிவது கைக்குத் தெரிகிறதா? மூன்றாவது, சிறிய பிரைமருக்கும் பெரிய பிரைமருக்கும் தக்கபடி மாற்ற முடியுமா? நான்காவது, மாதத்துக்கு எத்தனை தோட்டா செய்யப் போகிறோம்? ஐம்பது தோட்டா செய்பவருக்குப் பெரிய கருவி எதற்கு?

நல்ல கருவி இருந்தாலும் விதிகள் உண்டு. கண்ணாடி அணியாமல் உட்காரக் கூடாது. இறங்க மறுக்கும் பிரைமரைப் பலம் கொண்டு அமுக்கக் கூடாது. பிரைமர்களை விற்பனைக்கு வந்த அட்டையிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டி வைக்கக் கூடாது. அது புட்டி அல்ல, வெடிகுண்டு! வீட்டில் 10,000 பிரைமருக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி.

பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது ஈயம் கலந்த வெடிப் பொருள். அதனால் வேலை செய்யும்போது சாப்பிடக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தப் பக்கமே குழந்தைகளை விடக் கூடாது.

நம் நாட்டில் கூடாது!

இதைப் படித்து விட்டு, "நாமும் செய்து பார்த்தால் என்ன?" என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். பிழைக்க வந்த இடத்தில் ஊர்க்காரர் யாராவது "இந்தப் பொட்டலத்தை வைத்திரு" என்று தோட்டாவைக் கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள்.

ஆனால் அந்த அமெரிக்கர்களின் வாதத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பட்டாசுத் தொழிற்சாலையோ, பிரஸ் ஷாப்போ, எங்கே வேலை பார்த்தாலும் கருவியை வேகத்துக்காக மட்டும் பாராட்டக் கூடாது. தப்பு நடக்கும்போது அது நம்மைக் காப்பாற்றுமா என்று பார்க்க வேண்டும். மெஷினின் தடுப்பைக் கழற்றி விட்டு நாலு பீஸ் கூடுதலாக அடிக்கச் சொல்லும் மேஸ்திரிகள் எல்லா ஊரிலும் உண்டு. கூடுதலாக அடித்த பீஸுக்குக் கூலி கிடைக்கலாம். போன விரல் திரும்பக் கிடைக்காது!