கைக்கு இணங்கும் கழுத்து

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க விழைவோர் பெரும்பாலும் அதன் நிறத்தையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். வாசிப்பவரின் கையோ நாள்தோறும் பற்றியிருப்பது அக்கருவியின் கழுத்தை. கைக்குப் பொருந்தாத கழுத்து விரல்களை வலிக்கச் செய்யும். வலி பயிற்சியைக் குறைக்கும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி சில மாதங்களிலேயே உறைக்குள் உறங்கிவிடும். தமக்கோ தம் பிள்ளைகளுக்கோ கிட்டார் வாங்க எண்ணும் வாசகர்களுக்காக, புகழ்பெற்ற சில மாதிரிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நீளம்

நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் கம்பியின் நீளத்தை ‘ஸ்கேல்’ என்பர். 1954-இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இது 25.5 அங்குலம், 1952-இல் வெளிவந்த கிப்சன் லெஸ் பாலில் சுமார் 24.75 அங்குலம். பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் பல மாதிரிகள் இரண்டுக்கும் நடுவே, 25 அங்குலத்தில் நிற்கின்றன.

முக்கால் அங்குலம் அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் நட்டிலிருந்து ஐந்தாம் ஃபிரெட் வரையிலான தொலைவு லெஸ் பாலில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் குறைகிறது. ஒரே தடிமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது இழுவிசையும் குறைகிறது. சிறிய கை உடையோருக்கும் கம்பியை வளைத்து வாசிப்போருக்கும் இது பெரும் உதவி.

பருமனும் வளைவும்

லெஸ் பால் என்ற ஒரே பெயரில் இருவகைக் கழுத்துகள் கிடைக்கின்றன. 1950-களின் பாணியில் அமைந்தது உள்ளங்கையை நிரப்பும் பருமன் உடையது. 1960-களின் பாணியோ மெலிந்தது. இபனெஸ் ஆர்ஜி வரிசையின் ‘விசார்ட்’ கழுத்து இன்னும் மெல்லியது, தட்டையானது. மெலிவே சுகம் என்று கொள்ளலாகாது. கட்டைவிரலைக் கழுத்தின் மேல் சுற்றிப் பிடிப்போருக்குப் பருத்த கழுத்தே இளைப்பாறுதல் தரும். பின்புறம் விரலை ஊன்றி விரைந்து வாசிப்போருக்கு மெல்லியது ஏற்றது.

விரல்பலகையின் மேற்பரப்பிலும் வேறுபாடு உண்டு. பழைய ஃபெண்டர்களில் வளைவின் ஆரம் 7.25 அங்குலம், இன்றைய ஃபெண்டர்கள் பலவற்றில் 9.5, கிப்சனில் 12. எண் சிறியதானால் வளைவு மிகுதி. கார்டுகளைப் பிடிக்க எளிது. எண் பெரியதானால் பலகை தட்டை. மேல் ஃபிரெட்டுகளில் கம்பியை வளைத்தாலும் ஒலி அடைபடாது.

உடலமைப்பு

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல், மார்பும் முன்கையும் படியும் இடங்களில் செதுக்கப்பட்டது. வழக்கமான டெலிகாஸ்டரில் அச்செதுக்கல் இல்லை. லெஸ் பால் கனமானது. நெடுநேரம் நின்று வாசித்தால் தோள் நோகும். 1961-இல் வந்த எஸ்ஜி வடிவம் மெல்லியது, மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை எளிதாகச் செல்லும். எனினும் தோள்வாரில் தொங்கும்போது அதன் கழுத்து கீழே சாய முற்படுவதுண்டு.

கடையில் கவனிக்க வேண்டியவை

அமர்ந்தும் நின்றும் பத்து நிமிடமேனும் வாசித்துப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் எஃப் பாரே கார்டைப் பிடியுங்கள். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டி, ஃபிரெட் முனைகள் குத்துகின்றனவா என்று பாருங்கள். புழுக்கமான கடற்கரை ஊர்களில் வசிப்போர், பளபளப்பான பூச்சு வியர்வையில் கையோடு ஒட்டக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்றக்கூடியதையும் மாற்ற இயலாததையும் பிரித்தறிவதே முக்கியம். கம்பி உயரமாக நின்றால் தேர்ந்த பணியாளர் சரிசெய்துவிடுவார். கழுத்தின் சிறு வளைவை உள்ளிருக்கும் டிரஸ் ராட் கொண்டு சீராக்கலாம். ஸ்கேலையோ, அகலத்தையோ, பருமனையோ அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது. ஆகவே, அவை மூன்றும் கைக்கு இசைந்த பின்னரே விலையைப் பேசுங்கள்.

இசைந்த கழுத்துக்கு மிகுந்த விலை தந்தாக வேண்டும் என்பதில்லை. ஃபெண்டரின் ஸ்குவையர், கிப்சனின் எபிஃபோன் ஆகியவற்றில் அதே ஸ்கேல் நீளங்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஆம்ப்ளிஃபயர், தோள்வார், சீரமைப்புக் கூலி ஆகியவற்றையும் கணக்கிட்டு, மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வாருங்கள். பணம் சேரும் வரை பல கிட்டார்களைத் தொட்டுப் பார்க்கவும் உங்களுக்கு நேரம் கிடைக்கும்.