திருப்பினால் உறுதி, இடித்தால் நெகிழ்வு

1950-களின் தொடக்கத்தில் வந்த ஷெவர்லே பிக்கப் ஒன்றின் கதவைத் திறந்து, ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கீழே பார்வையை ஓட்டுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து புறப்படும் எஃகுத் தண்டு, தரைத்தகட்டைத் தாண்டி, முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் போய்த்தான் நிற்கும். நடுவில் ஒரு மூட்டுகூட இல்லை. கை திருப்பிய திருப்பம் சிந்தாமல் கீழே போய்ச் சேரும்.

அந்த நேர்மையிலேயே ஆபத்தும் இருந்தது. வண்டியின் முன்பக்கம் மோதி நசுங்கினால் பாக்ஸ் பின்னால் தள்ளப்படும். தண்டு ஈட்டிபோல் ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும்.

ஆக, அந்தத் தண்டு திருப்பும்போது துளியும் வளையக்கூடாது. நீளவாக்கில் இடி விழுந்தால் உடனே விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே இரும்பிடம் இரண்டு குணங்களையும் எப்படிக் கேட்பது? ஜெனரல் மோட்டார்ஸின் 1967 மாடல் கார்களில் விடை வந்தது. தண்டை ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு துண்டுகளாக்கினார்கள். தண்டைச் சுற்றிய வெளியுறையின் ஒரு பகுதியை வலைபோல் துளையிட்டார்கள். இடித்தால் அது காகித விளக்குபோல் மடிந்து, மோதலின் வேகத்தைத் தின்றுவிடும். 1968 ஜனவரி முதல் அமெரிக்கச் சட்டமும் கார்களுக்கு எல்லை வகுத்தது: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி வரக்கூடாது. பிக்கப்புகள் இந்த விதிக்குள் வந்தது 1981-இல்தான்.

பழைய பிக்கப்புக்குப் பவர் ஸ்டீயரிங் பொருத்துகிறவர்கள் அந்த நீளத் தண்டை அறுத்தே ஆக வேண்டும். மடங்கும் வகைத் தண்டு ஒன்றை மாட்டும் வாய்ப்பும் அப்போதே கிடைக்கிறது. ஆனால் புதிய தண்டும் பவர் ஸ்டீயரிங்கின் புதிய பாக்ஸும் ஒரே கோட்டில் அமைவது அரிது. இடையே ஒரு குட்டைத் தண்டும், அதன் இரு முனைகளிலும், சாய்ந்து நிற்கும் தண்டுகளை இணைக்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்டும் வேண்டும்.

இந்த ஜாயின்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சாய்ந்து நிற்கும்போது, ஒரு பக்கத்தைச் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை முந்தும், இரு முறை பிந்தும். சாய்வு 30 பாகை என்றால் முந்தல் சுமார் 15 சதவீதம், பிந்தல் சுமார் 13 சதவீதம். ஓட்டுபவரின் கைக்கு ஸ்டீயரிங் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்வதுபோல் தெரியும்.

இதற்கு மருந்து இரண்டாவது ஜாயின்ட்தான். குட்டைத் தண்டின் இரு முனைகளிலும் ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் நின்று, இரு ஜாயின்டுகளின் சாய்வும் சமமாக இருந்தால், முதலாவது முந்தும் அளவு இரண்டாவது பிந்தும். பிழையைப் பிழையே சரிக்கட்ட, கீழே போய்ச் சேருவது சீரான திருப்பம்.

நேரம் மிச்சம் என்று மடங்கும் தண்டின் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டால் பழைய ஈட்டி திரும்பிவிடும். தண்டு நழுவ இடம் விட்டு, கவைகளை ஒரே தளத்தில் நிறுத்திய மெக்கானிக், அந்தப் பிக்கப் பிறந்தபோது இல்லாத ஒரு காவலை அதற்குக் கொடுக்கிறார்.